கிளாஸ் இல்லாத சி-யில் ஆப்ஜெக்ட்: ஸ்விட்சா, டேபிளா, மொழியையே மாற்றுவதா?

பெங்களூரு பீன்யாவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி செய்கிறோம். அபார்ட்மெண்டில் கீழே சம்ப், மொட்டைமாடியில் டேங்க், ஓரமாக ஒரு போர்வெல், போதாததற்கு டேங்கர் லாரி. இத்தனைக்கும் நடுவில் சுவரில் தொங்கிக்கொண்டு, எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பெட்டி அது. உள்ளே எஸ்டிஎம்32 எஃப்103 சிப். 64 கேபி ஃபிளாஷ் (புரோகிராம் இருக்கும் இடம்), 20 கேபி ராம் (ஓடும்போது எழுதி அழிக்கும் இடம்). உள்ளே ஓடும் புரோகிராம், அதாவது ஃபர்ம்வேர், முழுக்க சி மொழி.

2024 மார்ச்சில், ஊரே தண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்த கோடையில், எங்கள் பெட்டி இருந்த ஒரு கட்டடத்தில் நள்ளிரவில் மேல் டேங்க் நிரம்பி வழிந்தது. வாட்ச்மேன் சத்தம் கேட்டு எழுந்து மெயினை அணைக்கும்வரை வழிந்துகொண்டே இருந்தது. காலையில் நான் போனபோது சங்கச் செயலாளர் அம்மா கோபப்படவில்லை. ஈரம் காயாத தரையைக் காட்டி, "இது எங்களுக்கு ரெண்டு நாள் தண்ணி சார்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரி இன்னும் எனக்குள் கிடக்கிறது.

தப்பு எங்கள் கோடில்தான். அந்தக் கட்டடத்துக்காகப் புதிதாக ஒரு பிரஷர் சென்சார் சேர்த்திருந்தோம். எந்த சென்சார் என்று ஒரு வகை எண். அதை வைத்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்விட்ச், அதாவது "இந்த வகை என்றால் இதைச் செய்" என்று கிளை பிரிக்கும் சி வாக்கியம். இப்படி பதினோரு இடங்களில் ஸ்விட்ச் இருந்தது. பத்தில் புது வகையைச் சேர்த்தோம். பதினோராவது, "டேங்க் நிறைந்ததா?" என்று கேட்கும் இடம். அங்கே டிஃபால்ட் கிளை, தெரியாத வகை வந்தால் "இல்லை" என்று பதில் சொல்லியது. மோட்டார் அதை நம்பி ஓடியது.

எங்களோடு இருக்கும் கோவில்பட்டித் தம்பி காலேஜில் ஜாவா படித்தவர். கோடைப் பார்த்ததும், "அண்ணா, இது அப்படியே இண்டர்ஃபேஸ் போட வேண்டிய இடம்ணா. ஆனா சி-ல கிளாஸே இல்லையே?" என்றார். "கிளாஸ் இல்லப்பா. ஆனா கையால செஞ்சுக்கலாம். எவ்வளவு தூரத்துக்குச் செய்யணும்ங்கறதுதான் நாம முடிவு பண்ணணும்" என்றேன். அந்த முடிவுக்கு வர எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. என்னென்ன வழிகளை எடைபோட்டோம், எது எங்கே நின்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு உதவும்.

கிளாஸ் தருவதில் நமக்கு எது வேண்டும்?

தரவையும் அதன் மேல் வேலை செய்யும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் கிளாஸ் என்ற யோசனை நார்வேயில், ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் இருவரின் சிமுலா 67 மொழியில் வந்தது. சி அதற்குப் பின் 1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சியின் கையில் பிறந்தும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 1979-ல் அதே பெல் லேப்ஸில் பியார்னே ஸ்ட்ரவ்ஸ்ட்ரூப் "கிளாஸ் உள்ள சி" என்று ஒன்றைத் தொடங்கினார். 1983-ல் அதற்கு சி பிளஸ் பிளஸ் என்று பெயர் வந்தது. அதன் முதல் கம்பைலரான சிஃப்ரண்ட் நேராக மெஷின் கோடு தரவில்லை. கிளாஸோடு எழுதியதைச் சாதாரண சி-யாக மாற்றித் தந்தது. மீதியை சி கம்பைலர் பார்த்துக்கொண்டது. ஆக, கிளாஸ் செய்கிற எல்லாவற்றையும் சி-யில் எழுத முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முடியுமா என்பது கேள்வியே இல்லை. அதில் எந்தப் பகுதியைக் கையால் எழுதினால் உழைப்புக்குக் கட்டுபடியாகும் என்பதுதான் கேள்வி.

கிளாஸ் என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அதற்குள் தனித்தனியாக மூன்று சரக்கு இருக்கிறது. உள்ளே இருப்பதை வெளியாள் தொடாமல் மறைப்பது ஒன்று. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு பொருளும் தன் வழியில் பதில் சொல்வது இன்னொன்று. ஒன்றிலிருந்து இன்னொன்று பிறப்பது, அதாவது இன்ஹெரிட்டன்ஸ், மூன்றாவது. பாடப்புத்தகங்கள் மூன்றாவதில்தான் அதிக நேரம் செலவழிக்கின்றன. எங்கள் வேலையில் அதுதான் மிகக் குறைவாகத் தேவைப்பட்டது.

ஸ்விட்சை அவ்வளவு சீக்கிரம் தள்ள வேண்டாம்

எங்களைக் கவிழ்த்தது ஸ்விட்ச் என்றாலும் அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுப் பாருங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வகைகள்: ஃப்ளோட் ஸ்விட்ச், அல்ட்ராசோனிக், பிரஷர். மேலே குறுக்காக வேலைகள்: தொடங்கு, நிறைந்ததா, சதவீதம், சுயசோதனை, உறங்கு. மூன்றுக்கு ஐந்து, பதினைந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டு கோடு எழுதியே ஆக வேண்டும், எந்த மொழியிலும். அந்தக் கட்டங்களை நெடுக்காக வெட்டி அடுக்குகிறோமா, குறுக்காக வெட்டி அடுக்குகிறோமா என்பதில்தான் வித்தியாசம். ஸ்விட்ச் வேலைவாரியாக அடுக்குகிறது. கிளாஸ் வகைவாரியாக அடுக்குகிறது.

வகைகள் மாறாமல் இருந்து, வேலைகள் மட்டும் கூடிக்கொண்டே போனால் ஸ்விட்ச் நல்லது. புது வேலைக்கு ஒரு புது ஃபங்ஷன், ஒரே இடத்தில் எல்லா வகையும் கண்முன் நிற்கும். வகைகள் கூடிக்கொண்டே போனால் அதே ஸ்விட்ச் பதினோரு இடத்தில் கை வைக்கச் சொல்லும். இரண்டு பக்கமும் சேர்ந்து வளர்ந்தால் என்ன செய்வது என்ற சிக்கலுக்கு பிலிப் வாட்லர் 1998-ல் "எக்ஸ்பிரஷன் பிராப்ளம்" என்று பெயர் வைத்தார். அது இன்றும் மொழி வடிவமைப்பவர்களைத் தூங்கவிடாத விஷயம்.

ஸ்விட்சோடுதான் இருக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: டிஃபால்ட் கிளையை எடுத்துவிடுங்கள். வகை எண்ணை enum-ஆக (பெயரிட்ட எண்களின் பட்டியலாக) அறிவித்து, டிஃபால்ட் இல்லாமல் ஸ்விட்ச் எழுதி, ஜிசிசி கம்பைலரின் "-Wall" எச்சரிக்கைகளைப் போட்டு வைத்தால், விட்டுப்போன வகையை கம்பைலரே பெயர் சொல்லிக் காட்டும். இந்த ஒரு பழக்கம் எங்களிடம் அன்று இருந்திருந்தால் அந்த மாடி நனைந்திருக்காது. மோட்டாரின் நிலைகளுக்கு (நிற்கிறது, தொடங்குகிறது, ஓடுகிறது, பழுது) நாங்கள் இன்றும் ஸ்விட்ச்தான் வைத்திருக்கிறோம். அந்த நான்கும் ஏழு வருடமாக நான்குதான்.

சென்சார் கதை வேறு. பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு புது சென்சார் வந்து இறங்குகிறது. ஒவ்வொரு அபார்ட்மெண்ட் சங்கமும் ஒவ்வொன்றைக் கேட்கிறது. எங்கள் கட்டம் வகைப் பக்கம்தான் வளர்கிறது என்று தெரிந்ததும் பாதி முடிவு வந்துவிட்டது.

முதலில் மறைப்பு

எந்த வழியை எடுத்தாலும் இதை முதலில் செய்யச் சொல்வேன். வெளியாள் பார்க்கும் ஹெட்டர் ஃபைலில் ஸ்ட்ரக்டின் (பல தரவுகளை ஒன்றாகக் கட்டும் சி வடிவம்) பெயரை மட்டும் அறிவிப்பது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை சி ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. வெளியில் இருப்பவர் கையில் ஒரு பாயிண்டர், அதாவது பொருள் இருக்கும் மெமரி முகவரி, மட்டும் இருக்கும். அதைத் திறந்து பார்க்க அவருக்கு வழி இல்லை. முயன்றால் கம்பைலர் நிறுத்தும். சி படித்த எல்லோரும் முதல் மாதமே இதைப் பயன்படுத்தியிருக்கிறோம். ஃபைலைத் திறந்தால் கிடைக்கும் அந்த ஃபைல் பாயிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று நாம் யாரும் பார்ப்பதில்லை. படி, எழுது, மூடு என்று கொடுத்து வாங்குகிறோம்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்ட்ரக்டின் அளவு வெளியாளுக்குத் தெரியாது, அதனால் அவர் தன் ஸ்டாக்கில் (ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் கிடைக்கும் தற்காலிக மெமரி) அதை வைத்துக்கொள்ள முடியாது. பெரிய கம்ப்யூட்டரில், ஓடும்போது மெமரி கேட்டு வாங்கும் மாலாக் போட்டுக் கொடுத்துவிடலாம். எங்கள் 20 கேபி ராமில் மாலாக்கே கிடையாது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டிய பெட்டியில் மெமரி துண்டு துண்டாகிப் போவதை நான் விரும்பவில்லை. அதனால் சி ஃபைலுக்குள் 24 இடம் கொண்ட ஓர் அரே வைத்து, கேட்கும்போது அடுத்த காலி இடத்தின் பாயிண்டரைத் தருகிறோம். 24 என்பது நாங்கள் செய்ததிலேயே பெரிய வளாகத்தின் கணக்கு. இருபத்தைந்தாவது கேட்டால் பதில் இல்லை என்று வரும், அது பொருத்தும்போதே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஃபங்ஷன் பாயிண்டரா, பொது டேபிளா

இங்கேதான் நாங்கள் அதிகம் விவாதித்தோம். தம்பியின் முதல் வடிவத்தில் ஒவ்வொரு சென்சார் ஸ்ட்ரக்டுக்குள்ளும் ஐந்து ஃபங்ஷன் பாயிண்டர்கள் இருந்தன. அல்ட்ராசோனிக் சென்சாரைத் தொடங்கும்போது அந்த ஐந்தையும் அல்ட்ராசோனிக் ஃபங்ஷன்களால் நிரப்புவார். கேட்பவர் எந்த வகை என்று யோசிக்காமல் "நிறைந்ததா" பாயிண்டர் வழியாகக் கூப்பிடலாம். பார்க்க அழகாக இருந்தது. வேலையும் செய்தது, ஒரு செவ்வாய்க்கிழமை வரை.

அன்று மேஜையில் இருந்த போர்டின் ரிலே சில விநாடிக்கு ஒருமுறை "டக், டக்" என்று அடித்துக்கொண்டிருந்தது. எல்இடி எரியும், ரிலே அடிக்கும், எல்லாம் அணையும், மறுபடி முதலிலிருந்து. ஃப்ளோட் ஸ்விட்சைத் தொடங்கும் இடத்தில் "சுயசோதனை" பாயிண்டரை நிரப்ப மறந்திருந்தார். ஸ்டாடிக் மெமரி என்பதால் அதன் மதிப்பு சுழியம். எங்களுடையது போன்ற கார்ட்டெக்ஸ் எம் சிப்புகளில் ஃபங்ஷன் முகவரியின் கடைசி பிட் ஒன்றாக இருக்க வேண்டும், தம்ப் என்ற கட்டளை வகை என்று அதற்கு அர்த்தம். சுழியத்துக்குத் தாவினால் அந்த பிட்டும் சுழியம். சிப் ஃபால்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சிப் உறைந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வாட்ச்டாக் அதை ரீசெட் செய்யும், மறுபடி அதே இடம். தெரிந்த பிறகு எளிது. கண்டுபிடிக்க ஒரு மதியம் முழுக்கப் போனது.

பொது டேபிள் முறையில் அந்த ஐந்து பாயிண்டர்களையும் பொருளுக்குள் வைப்பதில்லை. வகைக்கு ஒரு டேபிள், கான்ஸ்ட் (மாறாதது) என்று அறிவித்தது, ஃபிளாஷில் இருக்கும். ஒவ்வொரு சென்சாரும் தன் வகையின் டேபிளுக்கு ஒரே ஒரு பாயிண்டர் வைத்திருக்கும். கணக்கைப் பாருங்கள். முதல் முறையில் ஐந்து பாயிண்டர், ஒவ்வொன்றும் 4 பைட், 24 சென்சார்: 480 பைட் ராம். இரண்டாவதில் 24 முறை 4, அதாவது 96 பைட் ராம்; அதோடு மூன்று டேபிளுக்கு 60 பைட் ஃபிளாஷ்.

உண்மையைச் சொன்னால், 20 கேபியில் 384 பைட் மிச்சம் ஒன்றும் உயிர்போகும் விஷயம் இல்லை. டேபிளை நான் விரும்பியதற்கு வேறு இரண்டு காரணங்கள். ஒன்று, ராமில் இருக்கும் ஃபங்ஷன் பாயிண்டரை யார் வேண்டுமானாலும் தவறி மிதிக்கலாம். பக்கத்து பஃபரில் ஒரு பைட் தாண்டி எழுதினாலே போதும், அடுத்த முறை "நிறைந்ததா" என்று கேட்கும்போது சிப் எங்கேயோ போய் நிற்கும். ஃபிளாஷில் இருப்பதை அப்படித் தவறி எழுத முடியாது. லினக்ஸ் கெர்னலிலும் இப்படிப்பட்ட டேபிள்களைக் கான்ஸ்டாகவே வைக்கிறார்கள். அங்கே வெளியிலிருந்து தாக்க வருபவர்களையும் நினைத்து. இரண்டாவது காரணம், டேபிளை நிரப்புவது ஒரே இடத்தில், ஐந்து வரியில், பெயர் போட்டு நடக்கிறது. சி99-லிருந்து "இந்த உறுப்புக்கு இந்த மதிப்பு" என்று பெயர் சொல்லியே நிரப்பலாம். எது விட்டுப்போனது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஃபங்ஷன் பாயிண்டர்களைப் பொருளுக்குள் வைத்தால் நிரப்பும் கோடு, ஓடும்போது நடக்கும் கோடு. அதில் எந்த வழியில் போனோம் என்பதைப் பொறுத்து எதுவும் விட்டுப்போகலாம்.

பொருளுக்குள் வைப்பது எப்போது சரி? ஒரே வகைக்குள்ளேயே ஒவ்வொரு பொருளும் தனி நடத்தை கொண்டிருந்தால். ஒரு பட்டனுக்கு "அழுத்தினால் இதைச் செய்" என்று ஒரே ஒரு கால்பேக் கொடுப்பது போல. ஒன்றிரண்டு பாயிண்டர் வரை அது எளிய வழி. மூன்றைத் தாண்டினால் டேபிளுக்குப் போய்விடுவது நல்லது.

டேபிள் முறையில் எழுதும்போது ஓர் எரிச்சல் உண்டு. சென்சாரின் டேபிளுக்குள் போய் ஃபங்ஷனை எடுத்து, அந்த ஃபங்ஷனுக்கு மறுபடி அதே சென்சாரைக் கொடுக்க வேண்டும். சி-யில் "நான்" என்று தானாக எதுவும் போகாது. ஒரே வரியில் ஒரே பெயரை இரண்டு தடவை எழுதுகிறோம். காப்பி பேஸ்ட் செய்யும்போது ஒன்றை மாற்றி மற்றொன்றை மாற்ற மறந்தால், மேல் டேங்கின் ஃபங்ஷன் சம்ப்பின் தரவைப் படிக்கும், கம்பைலர் வாயே திறக்காது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன இன்லைன் ஃபங்ஷன் வைத்து, டேபிளைத் தொடும் உரிமையை அதற்கு மட்டும் கொடுத்தோம். வெளியில் இருப்பவர் "சென்சார் நிறைந்ததா" என்று சாதாரணமாகக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. லினக்ஸில் எந்த டிரைவரைத் திறந்தாலும் ஓபன், ரீட், ரைட், ரிலீஸ் என்று ஃபங்ஷன்கள் வரிசையாக நிற்கும் ஃபைல் ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்ட் கண்ணில் படும். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் தன் கீழே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தோடு இப்படித்தான் பேசுகிறது. பைத்தானின் முக்கிய வடிவமான சிபைத்தானும் சி-யில் எழுதியது. அதன் ஒவ்வொரு பொருளும் தன் வகைக்கு ஒரு பாயிண்டர் வைத்திருக்கிறது, அந்த வகைக்குள் ஃபங்ஷன்களின் பட்டியல். பைத்தானில் கிளாஸ் எழுதுகிற எல்லோரும் கிளாஸ் இல்லாத மொழியில் கட்டிய டேபிளின் மேல்தான் நிற்கிறோம். தம்பிக்கு இதைக் காட்டியபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன்.

ஒரே கேள்வி, மூன்று பதில்

டேபிளில் என்ன வேலைகள் இருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான வடிவமைப்பு. அதற்கு ஒவ்வொரு சென்சாரும் எப்படி அளக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பிரஷர் சென்சார் 4-லிருந்து 20 மில்லிஆம்ப் வரை கரண்ட் அனுப்பும். 150 ஓம் ரெசிஸ்டரில் அது 0.6-லிருந்து 3.0 வோல்ட், வோல்டேஜை எண்ணாக மாற்றும் எங்கள் சிப்பின் 12 பிட் ஏடிசி நேராகப் படித்துவிடும். காலி டேங்குக்கும் 4 மில்லிஆம்ப் வந்தாக வேண்டும், ஆகவே 3.6-க்குக் கீழே போனால் வயர் அறுந்தது என்று அர்த்தம். இதன் சுயசோதனை அவ்வளவுதான். அல்ட்ராசோனிக் மூடியிலிருந்து கீழே சத்தம் அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். தண்ணீர் 2 மீட்டர் கீழே இருந்தால், 20 டிகிரியில் போய்வர சுமார் 11.7 மில்லிவிநாடி. அதே நேரத்தை 35 டிகிரி மாடியில் அப்படியே கணக்குப் போட்டால் 5 சென்டிமீட்டர் பிசகும், ஏனென்றால் சூட்டில் சத்தம் வேகமாகப் போகிறது. ஆக அதன் "சதவீதம்" ஃபங்ஷனுக்குள் வெப்பநிலைத் திருத்தம் ஒளிந்திருக்கிறது. வெளியில் யாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை. ஃப்ளோட் ஸ்விட்சோ ஒரு மிதவை, ஓர் ஆன் ஆஃப். நிறைந்ததா என்றால் பளிச்சென்று சொல்லும். எத்தனை சதவீதம் என்றால் அதற்குப் பதிலே கிடையாது.

முதலில் நாங்கள் ஃப்ளோட் ஸ்விட்சுக்கு 0 அல்லது 100 சதவீதம் என்று பதில் சொல்ல வைத்தோம். மொபைல் ஆப்பில் டேங்க் ஒரு நொடியில் காலியிலிருந்து முழுசாக மாறியது. குடியிருப்பவர்கள் போன் போட்டார்கள். சரி என்று லினக்ஸ் டிரைவர்களின் வழக்கத்தை எடுத்துக்கொண்டோம்: செய்யத் தெரியாத வேலைக்கு டேபிளில் அந்த இடத்தைக் காலியாக விடுவது. இன்லைன் ஃபங்ஷன் காலி இடத்தைப் பார்த்தால் "இந்தக் கேள்வி எனக்குப் பொருந்தாது" என்ற குறியைத் திருப்பித் தரும். "சதவீதம்", "உறங்கு" இரண்டும் காலியாக இருக்கலாம். "தொடங்கு", "நிறைந்ததா", "சுயசோதனை" மூன்றும் கட்டாயம். பவர் போட்டதும் எல்லா டேபிளையும் ஒரு சுற்று பார்த்து, கட்டாய இடம் காலியாக இருந்தால் சிவப்பு எல்இடி எரியவிட்டு மோட்டாரைத் தொட மறுத்துவிடுகிறோம்.

இன்ஹெரிட்டன்ஸ், ஒரு படி மட்டும்

எல்லா சென்சாருக்கும் பொதுவான சில தரவு உண்டு: பெயர், டேபிள் பாயிண்டர், கடைசியாகப் படித்த நேரம். அதை ஒரு பொது ஸ்ட்ரக்டாக்கி, ஒவ்வொரு வகையின் ஸ்ட்ரக்டிலும் முதல் உறுப்பாக வைத்தோம். ஸ்ட்ரக்டின் முகவரியும் அதன் முதல் உறுப்பின் முகவரியும் ஒன்றுதான் என்று சி-யின் தரநிலையே உறுதி தருகிறது, அதனால் பொது பாயிண்டரை அந்தந்த வகையின் பாயிண்டராக மாற்றிக்கொள்ளலாம். முதல் உறுப்பாக வைக்க முடியாத இடத்தில் லினக்ஸின் "கன்டெய்னர் ஆஃப்" என்ற மேக்ரோ (கம்பைல் செய்யும் முன் கோடாக விரியும் சுருக்கம்) வழி இருக்கிறது: உறுப்பின் முகவரியிலிருந்து அது இருக்கும் தூரத்தைக் கழித்து வெளி ஸ்ட்ரக்டுக்குப் போவது.

இரண்டாவது படிக்கு நான் போக விடவில்லை. நடுவில் "அனலாக் சென்சார்" என்று ஒரு அடுக்கு போடலாமா என்று பேச்சு வந்தது. கையால் செய்யும் இன்ஹெரிட்டன்ஸில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காஸ்ட், அதாவது பாயிண்டரின் வகையை மாற்றுவது. ஒவ்வொரு காஸ்டும் கம்பைலரிடம் "நீ பார்க்காதே, எனக்குத் தெரியும்" என்று சொல்வது. பொதுவான ஏடிசி வேலையைச் சாதாரண ஃபங்ஷனாக எழுதி, தேவைப்படும் வகைகள் கூப்பிட்டுக்கொண்டால் முடிந்தது.

மேக்ரோ கட்டமைப்புகள் பற்றிச் சுருக்கமாக. லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோம் உலகின் ஜிஆப்ஜெக்ட், சி-யிலேயே முழு கிளாஸ் அமைப்பையும் கட்டியிருக்கிறது: ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, சிக்னல், ப்ராப்பர்ட்டி, மற்ற மொழிகளிலிருந்து கூப்பிடும் வசதி எல்லாம். டெஸ்க்டாப் மென்பொருளுக்கு அது பெரிய சொத்து. ஆனால் ஒரு கிளாஸ் அறிவிக்க எழுத வேண்டிய சடங்கு வரிகள் அதிகம். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் வாலா என்ற மொழியே வந்தது, அது ஜிஆப்ஜெக்ட் பயன்படுத்தும் சி-யாகத்தான் மாறுகிறது. எங்கள் சிப்புக்கு இது பொருந்தாது. வீட்டிலேயே மேக்ரோ செய்துகொள்வதைப் பற்றி என் கருத்து கடுமையானது: வேண்டாம். "கிளாஸ்" என்று ஒரு மேக்ரோ, "எக்ஸ்டெண்ட்ஸ்" என்று ஒரு மேக்ரோ என்று போனால், டீபகரில் நின்று பார்க்கும்போது எந்த வரியில் நிற்கிறோம் என்றே தெரியாது. எழுதியவர் வேலையை விட்டுப் போன அடுத்த நாள் அது யாருக்கும் புரியாத தனி மொழி.

பிறகு ஏன் சி பிளஸ் பிளஸ் இல்லை?

நேர்மையான கேள்வி. சி பிளஸ் பிளஸின் விர்ச்சுவல் ஃபங்ஷன் என்பது நாங்கள் கையால் கட்டிய அதே டேபிள்தான், கம்பைலர் தப்பில்லாமல் நிரப்பித் தருகிறது. எக்செப்ஷனையும் (பிழையை மேலே தூக்கி எறியும் வசதி) ஆர்டிடிஐ-யையும் (ஓடும்போது பொருளின் வகையைக் கேட்கும் வசதி) அணைத்துவிட்டால் 64 கேபியில் தாராளமாக ஓடும். புதிதாக ஒரு 32 பிட் சிப்பில் தொடங்குகிறவர், டீமில் சி பிளஸ் பிளஸ் தெரிந்த இரண்டு பேர் இருந்தால், அதையே எடுக்கட்டும். அவர்களிடம் போய் டேபிளைக் கையால் கட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்களைத் தடுத்தது எங்கள் இன்னொரு பெட்டி. தனி வீடுகளுக்கான சின்னப் பெட்டி, அதில் 8 பிட் PIC சிப். அதைச் செய்யும் மைக்ரோசிப் நிறுவனம் அதற்குத் தரும் எக்ஸ்சி8 கம்பைலர் சி மட்டும்தான் பேசும். அல்ட்ராசோனிக், ஃப்ளோட் கோடு இரண்டு பெட்டிக்கும் பொது. அதை இரண்டு மொழியில் வைத்துக் காப்பாற்ற நாலு பேருக்குத் தெம்பில்லை.

அந்தச் சின்ன சிப்பில் டேபிளும் ஒத்துவரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அதில் ஸ்டாக் வசதி மிகக் குறைவு. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது என்று கம்பைலர் முன்கூட்டியே வரைபடம் போட்டு, லோக்கல் வேரியபிள்களுக்கு நிலையான இடம் ஒதுக்குகிறது. நடுவில் ஃபங்ஷன் பாயிண்டர் வந்தால் அந்த வரைபடம் மங்கிப்போகிறது. அங்கே நாங்கள் எடுத்தது எல்லாவற்றிலும் எளிய வழி: ஒரே ஹெட்டர், வகைக்கு ஒரு சி ஃபைல், எந்த ஃபைலைச் சேர்த்து லிங்க் செய்கிறோமோ அதுதான் அந்தப் பெட்டியின் சென்சார். தனி வீட்டில் இருப்பது ஒரே டேங்க், ஒரே சென்சார், ஓடும்போது மாறப்போவதில்லை. முடிவை, ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கும் லிங்கரிடம் விட்டால் ஒரு பைட் கூடச் செலவில்லை. இதை ஆப்ஜெக்ட் வழி என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் ஒரே கேள்வி, வேறு வேறு பதில் என்ற அதே காரியம் நடக்கிறது.

லூவாவையும் பார்த்தோம். 1993-ல் பிரேசிலில் ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. அதிலும் கிளாஸ் கிடையாது. ஒரு டேபிளில் கேட்டது இல்லையென்றால் எந்த டேபிளில் போய்த் தேடுவது என்று மெட்டாடேபிளில் ஒரு வரி எழுதிவிட்டால், அதுவே கிளாஸாக நடந்துகொள்கிறது. ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் நடத்தையை மாற்றுவது அதில் மிகச் சுலபம். ஜாவாஸ்கிரிப்ட் 1995-லிருந்து இந்தப் பாணிதான். 2015-ல் வந்த கிளாஸ் என்ற சொல்லும் அதன் மேல் போட்ட சட்டைதான். பெரிய வளாகங்களில் வைக்கும் லினக்ஸ் கேட்வேயில், "இந்தக் கட்டடத்தில் மட்டும் காலை ஐந்து மணிக்கு முன் போர்வெல் ஓடக் கூடாது" போன்ற விதிகளை லூவாவில் எழுத எண்ணம். மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை அதன் கையில் தர மாட்டோம்.

ஆக, பெரிய பெட்டியில் மறைத்த ஸ்ட்ரக்ட், ஃபிளாஷில் கான்ஸ்ட் டேபிள், ஒரே படி பொது ஸ்ட்ரக்ட்; சின்னப் பெட்டியில் லிங்கர்; மோட்டார் நிலைகளுக்கு டிஃபால்ட் இல்லாத ஸ்விட்ச்.

போன மாதம் ஃப்ளோ மீட்டர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள், டேங்கர் லாரி உண்மையில் எவ்வளவு ஊற்றியது என்று தெரிந்துகொள்ள. தம்பி ஒரே ஃபைலில் எழுதி முடித்து, டேபிளை நிரப்பி, போர்டில் ஏற்றினார். சிவப்பு எல்இடி. "நிறைந்ததா" இடம் காலி. "அண்ணா, இது பைப்புல இருக்கு. டேங்க் நிறைஞ்சதான்னு இதுகிட்ட எப்படிக் கேக்கறது?" அவர் சொன்னது சரி. பொய்ப் பதில் சொல்லும் ஒரு ஃபங்ஷனை எழுதி அந்த இடத்தை அடைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. டேபிளை இரண்டாகப் பிரித்தோம்: எல்லோருக்கும் பொதுவான தொடங்கு, சுயசோதனை, உறங்கு ஒன்றில், மட்டம் அளப்பவர்களுக்கான நிறைந்ததா, சதவீதம் இன்னொன்றில். ஃப்ளோ மீட்டருக்கு இரண்டாவது பாயிண்டர் காலி, அந்தக் காலிக்கு எல்இடி எரியாது. மோட்டார் லாஜிக் மட்ட டேபிள் உள்ளவர்களிடம் மட்டும்தான் கேட்கும். சென்சாருக்கு 4 பைட் கூடியது, 24-க்கு 96 பைட்.